மேனேஜர் மிரட்டினால்தான் வேலை நடக்குமா?

மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தில் குழுத் தலைவராக இருக்கும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்குக் கீழே ஏழு பேர். ஒன்றரை ஆண்டுக்கு முன் புதிய மேனேஜர் வந்தார். தினமும் காலை மீட்டிங்கில் யாராவது ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார். பதில் முடிவதற்குள் குரல் உயர்ந்துவிடும். ஒருமுறை பதிவேட்டைத் தூக்கி மேசைமேல் வீசினார். "உன் இடத்துக்கு வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நிலுவை பேட்ச்களின், அதாவது பரிசோதனை முடியாத மருந்துத் தொகுதிகளின், பட்டியல் வரும். அதில் பொறுப்பானவரின் பெயர் சிவப்பில் வட்டமிடப்பட்டிருக்கும். அடுத்த நாளே அதே ஆளின் தோளில் தட்டி, "நீதான் என் வலது கை" என்பார். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஆனாலும் முதல் சில மாதங்களில் தேங்கிக் கிடந்த பேட்ச்கள் வேகமாக நகர்ந்ததால் மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர்.

போன மாதம் குழுவின் இளைய பரிசோதகர் ஒருவர், ஒரு மாதிரி தேறாமல் போனதை மறைத்து, மறுபடி பரிசோதித்து, தேறிய முடிவை மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டார். கண்டுபிடித்துக் கேட்டபோது, "முதல் ரிசல்ட்டைச் சொன்னால் காலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா, அக்கா?" என்றாராம். வாசகி ஆத்திரத்தில் கத்தியிருக்கிறார். அந்தப் பையன் அழுதுவிட்டான். "என் வாயிலிருந்து வந்தது அவருடைய வார்த்தைகள். அன்றிலிருந்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பரிசோதனை முடிவைப் பற்றி இதுவரை மேலே யாருக்கும் தெரிவிக்கவில்லை.

ஞாயிறு மாலையானால் வயிறு பிசைகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. "எந்த வேலையில் திட்டு இல்லை? உனக்குத்தான் தோல் மெல்லியது" என்கிறார் கணவர். கைபேசியில் ரகசியமாகப் பதிவு செய்த மூன்று மீட்டிங்குகள் இருக்கின்றன. அவற்றை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு அன்றே ராஜினாமா செய்யலாமா, எச்.ஆரிடம் போகலாமா, வேலை நடக்கிறது என்பதால் பொறுத்துக்கொள்வதுதான் நியாயமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்ல முடியாது. நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை: மறைக்கப்பட்ட அந்த முடிவு

தேறாமல் போன முடிவை இந்த வாரமே எழுத்து மூலம் தெரிவியுங்கள். அந்த மருந்தை யாரோ ஒரு நோயாளி விழுங்கப்போகிறார், அல்லது ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கலாம். மேனேஜரின் நடத்தையைப் பற்றிய எந்தக் கேள்வியும் அதற்குப் பிறகுதான். தேறாத முடிவை, காரணம் கண்டுபிடிக்காமல் ஒதுக்கிவிட்டு, தேறும்வரை பரிசோதிப்பது உங்கள் துறையில் எவ்வளவு பெரிய மீறல் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் முடிவு கருவியின் தவறாகவும் இருக்கலாம், மாதிரி தயாரித்ததில் வந்த பிழையாகவும் இருக்கலாம், மருந்தின் உண்மையான குறையாகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய வேண்டியது விசாரணை. பயந்துபோன ஒரு பரிசோதகரோ, அவரைக் காப்பாற்ற நினைக்கும் நீங்களோ முடிவு செய்யும் விஷயம் அல்ல இது.

பதிவேட்டிலோ கருவியின் கணினியிலோ எதையும் திருத்தாதீர்கள், அழிக்காதீர்கள், பழைய தேதியிட்டு எதையும் சேர்க்காதீர்கள். பேட்ச் எண், பரிசோதனை நடந்த நாள், உங்களுக்குத் தெரியவந்த நாள், எப்படித் தெரிந்தது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, தர உறுதிப் பிரிவுக்கு உங்கள் நிறுவன நடைமுறைப்படி அனுப்புங்கள். மேனேஜருக்கும் நகல் போகட்டும். தாமதமாகச் சொல்கிறீர்கள் என்பதை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள். இளைஞர் தன் விளக்கத்தைத் தானே எழுத வேண்டும். நீங்கள் வாசகம் சொல்லிக்கொடுத்தால், அது பிறகு உங்கள் இருவருக்கும் எதிராகத் திரும்பும். அவர் ஏன் மறைத்தார் என்ற கேள்விக்கு, "தேறாத முடிவைச் சொன்னால் கூட்டத்தில் அவமானப்பட நேரும் என்று அஞ்சினார்" என்ற ஒரு வாக்கியம் போதும். மேனேஜர் மீதான புகாரை இந்த அறிக்கைக்குள் நுழைக்காதீர்கள். நுழைத்தால், தன் தவறை மறைக்க அவர்மேல் பழி போடுகிறாள் என்றுதான் படிப்பார்கள்.

இதை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிரட்டலும் டார்கெட்டும் சேர்ந்த இடத்தில் பொய்க் கணக்கு முளைக்கும்போது, முதலில் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்கள்தான். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. விற்பனை டார்கெட்டைத் தொட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்திருந்தார்கள். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகியது அபராதச் செய்தி வெளியான பிறகு, அக்டோபரில். "மேலிருந்து வந்த அழுத்தம்" என்று நீக்கப்பட்டவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவர்களுடைய வேலையைக் காப்பாற்றவில்லை.

"வேலை நடக்கிறதே" என்ற எண்ணம்

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் இது வருகிறது. மேலிடம் நினைப்பதை நீங்களும் பாதி நம்பத் தொடங்கிவிட்டீர்கள். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிரட்டும் மேலாளர் வந்த முதல் சில மாதங்களில் எண்ணிக்கை உயர்வது உண்மை. எங்கிருந்து அந்த உயர்வு வருகிறது என்று பாருங்கள். எல்லோரும் கூடுதல் நேரம் உட்காருகிறார்கள். கருவிப் பராமரிப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பது வெறும் கையெழுத்தாகச் சுருங்குகிறது. புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் நேரம் காணாமல் போகிறது. எண்ணக்கூடிய ஒன்று ஏறுகிறது, எண்ணப்படாத நான்கு இறங்குகின்றன. இறங்கியதன் விலை பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்த மேனேஜருக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்கலாம்.

முதலில் நின்றுபோவது கெட்ட செய்தி. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல ஒத்துழைப்பும் நல்ல தலைமையும் இருந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. உள்ளே போய்ப் பார்த்தபோது விளக்கம் கிடைத்தது. அந்த வார்டுகளில் நர்ஸுகள் தவறை வெளியே சொன்னார்கள். தலைமைக்குப் பயந்த வார்டுகளில் தவறு உள்ளேயே புதைந்தது. உங்கள் லேபில் டீவியேஷன் பதிவுகள், அதாவது வகுத்த நடைமுறையிலிருந்து விலகியதைக் குறிக்கும் பதிவுகள், இந்த ஒன்றரை ஆண்டில் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வேலைச்சுமை கூடி, ஆட்கள் குறைந்து, பதிவாகும் பிழையும் குறைந்திருந்தால் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, பயத்தில் இருப்பவர் வேலையையே மோசமாகச் செய்கிறார். 2015-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 24 மருத்துவக் குழுக்கள் ஒரு பயிற்சி நிகழ்வில் கலந்துகொண்டன. வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஒருவர், சில குழுக்களிடம் மட்டும் அவர்களுடைய தரத்தைப் பற்றி இளக்காரமாகச் சில வார்த்தைகள் சொன்னார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சைச் செயல்முறைகளிலும் பின்தங்கின. அவர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்திருந்தன. ஒருநாள் சொன்ன சில வார்த்தைகளுக்கே இந்த விளைவு. உங்கள் ஏழு பேரும் இதைத் தினமும் காலையில் வாங்கிக்கொண்டுதான் மில்லிகிராம் அளக்க உட்காருகிறார்கள். திட்டு வாங்கியவரின் மனம் அந்த வாக்கியத்தையே அரைத்துக்கொண்டிருக்கும். எண்ணைப் படித்து எழுதத் தேவையான கவனத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும்.

கண்டிப்பு எது, மிரட்டல் எது

இங்கே உங்களையும் ஓரிடத்தில் திருத்த வேண்டும். நீங்கள் எழுதிய எல்லாமே துன்புறுத்தல் ஆகாது. நிலுவை பேட்ச் பட்டியல் கேட்பது அவருடைய கடமை. தாமதத்துக்குக் காரணம் கேட்பது, தவறுக்கு எழுத்தில் விளக்கம் கேட்பது, சான்றோடு குறைந்த அப்ரைசல் தருவது எல்லாம் நியாயமான நிர்வாகம். கேட்பவருக்குக் கசந்தாலும் அது நியாயமே. புகாரில் இவற்றையும் சேர்த்தால், விசாரிப்பவர்கள் அவற்றை மட்டும் எடுத்துப் பதில் சொல்லிவிட்டு மீதியை மூடிவிடுவார்கள்.

பிரித்துப் பார்க்க எனக்கு உதவும் கேள்விகள் இவை. பேச்சு வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? "இந்தக் கணக்கில் பிழை" என்றால் திருத்தலாம், "நீ எதற்கும் லாயக்கில்லை" என்றால் திருத்த எதுவுமில்லை. சொன்னதைச் செய்தால் நிலைமை மாறுமா, அல்லது எதைச் செய்தாலும் அடுத்த நாள் வேறொரு குற்றம் வருமா? தனியே சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில் சொல்லக் காரணம் என்ன? இது ஒருமுறை கோபத்தில் நடந்ததா, வாடிக்கையா? எழுப்பி நிற்கவைப்பது, பதிவேட்டை வீசுவது, "பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்பது, இரவு பதினொரு மணிக்குப் பெயரை வட்டமிடுவது ஆகிய நான்கும் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் நிற்காது. திட்டும் பாராட்டும் காரணமில்லாமல் மாறி மாறி வருவதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று எது வரும் என்று தெரியாததால்தான் எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறீர்கள்.

"கெட்ட வார்த்தை பேசவில்லை, கை வைக்கவில்லை, அதனால் புகாராக நிற்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, உடல், உளவியல், பாலியல் அல்லது பொருளாதாரத் தீங்கு விளைவிக்கக்கூடிய நடத்தையைப் பணியிட வன்முறை, துன்புறுத்தல் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அது ஒருமுறை நடந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி. ஜப்பானில் 2020 ஜூன் முதல் பெரிய நிறுவனங்களும், 2022 ஏப்ரல் முதல் சிறிய நிறுவனங்களும் அதிகாரத் துன்புறுத்தலைத் தடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை. அங்கே அரசு பட்டியலிட்ட ஆறு வகைகளில் மனரீதியான தாக்குதல், ஒதுக்கிவைத்தல், முடியாத வேலையைச் சுமத்துதல் எல்லாம் அடங்கும். பிரான்சில் 2019 டிசம்பரில், பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரிகள், ஆட்குறைப்புக்காகக் கையாண்ட நிர்வாக முறைக்காகவே தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் இதற்கென்று தனிச் சட்டமே இல்லை, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் நாட்டின் நிலையை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேளுங்கள். புகார் கொடுக்கக் காலக்கெடு எவ்வளவு என்பதுதான் அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பல இடங்களில் அது சில மாதங்கள்தான்.

உங்கள் கணவர் அன்பில்லாமல் அப்படிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சம்பளம் நின்றுவிடுமோ என்ற கவலை அவருக்கும் இருக்கும். ஆனால் ஒன்றரை ஆண்டில் இரண்டு பேர் போய், ஒருவர் பதிவேட்டையே பொய்யாக எழுதும் அளவுக்குப் பயந்திருக்கும் இடத்தில், ஒருத்தியின் தோல் மெல்லியது என்பது விளக்கமாகாது. இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

ஞாயிறு மாலை வயிற்று வலியும் விடியற்காலை விழிப்பும், அபாயம் வரப்போகிறது என்று எதிர்பார்த்தே பழகிவிட்ட உடம்பின் வேலை. மன அழுத்த ஹார்மோன்கள் இறங்க வேண்டிய நேரத்திலும் இறங்குவதில்லை. இரவு பதினொரு மணிக்கு வரும் செய்தி அதை இன்னும் கெடுக்கிறது. எனவே வேலைக் குழுவின் அறிவிப்பை இரவு ஒன்பது மணிக்கு மேல் அணைத்து வையுங்கள். உண்மையான அவசரம் என்றால் தொலைபேசியில் அழைக்கட்டும் என்று குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். தூக்கக் கோளாறு இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதால் மருத்துவரைப் பாருங்கள். காரணம் வேலையிடம் என்பதை மறைக்காமல் சொல்லி, அவர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு அது ஆவணமாகவும் உதவும். நெஞ்சு வலி வந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்கோ உங்கள் பகுதியின் உதவி எண்ணுக்கோ போக வேண்டும். அப்போது புகார், ராஜினாமா எதுவும் முக்கியமில்லை.

இனி செய்ய வேண்டியவை

குறிப்பேடு. இன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நாள், நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, அதனால் வேலையில் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். நடந்த அன்றே எழுதுவது முக்கியம். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் அதன் மதிப்பு பாதியாகிவிடும். "கொடூரமாக நடந்துகொண்டார்" என்று எழுத வேண்டாம். "பதிவேட்டை என் முன்னால் இரண்டு அடி தள்ளி மேசைமேல் எறிந்தார்" என்று எழுதுங்கள். பெயரடைகள் இல்லாத குறிப்பைத்தான் விசாரணையில் நம்புவார்கள். இதை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், வீட்டில் ஒரு நோட்டில் வையுங்கள். உங்கள் பழைய அப்ரைசல்களின் நகல், உங்களுக்கு நேரடியாக வந்த செய்திகளின் படம் இவற்றைச் சேர்த்து வைக்கலாம். ஆனால் பரிசோதனைத் தரவுகளையோ நிறுவன ரகசிய ஆவணங்களையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். நல்ல புகார்கள் பல இந்த ஒரு தவறால் தலைகீழாகி, புகார் கொடுத்தவர் மேலேயே நடவடிக்கை வந்திருக்கிறது.

அந்த ரகசியப் பதிவுகளை இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். ஒருவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது சில நாடுகளில் குற்றம், சில இடங்களில் பேச்சில் கலந்துகொண்டவர் பதிவு செய்யலாம், இன்னும் சில இடங்களில் சட்டம் அனுமதித்தாலும் நிறுவன விதி தடுக்கும். வழக்கறிஞர் கேட்டு முடிவு சொல்லட்டும். எல்லோருக்கும் பரப்பினால், பேச்சு மேனேஜரை விட்டுவிட்டு உங்கள் மேல் திரும்பும். அதோடு அந்தப் பதிவில் அவமானப்படுவது உங்கள் சக ஊழியர்கள். தங்கள் அவமானம் ஊரெங்கும் ஒலிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

குரல் உயரும் அந்த நேரத்தில் வாதாடாதீர்கள், சிரித்து மழுப்பவும் வேண்டாம். "சரி, இதைக் கவனிக்கிறேன். இந்த மூன்று பேட்சில் எது முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று வேலைக்கு இழுத்து வாருங்கள். அன்று மாலைக்குள், "இன்று காலை சொன்னபடி முதலில் இதை முடிக்கிறேன், அதனால் மற்ற இரண்டும் வியாழன்தான் முடியும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இது சண்டை இல்லை. அவர் பிறகு மாற்றிப் பேச முடியாதபடி ஒரு பதிவு, அவ்வளவே. பொருளை வீசினால் மட்டும், "நான் பத்து நிமிடம் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள்.

நேரில் பேசுவது சிலரிடம் பலிக்கும். மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே இறக்கிவிடுகிற, தன் குரல் எப்படிக் கேட்கிறது என்றே அறியாத மேலாளர்கள் உண்டு. அவர்கள் தனியே சொன்னால் கொஞ்சமாவது மாறுவார்கள். யாரைக் காயப்படுத்துகிறோம் என்று தெரிந்தே செய்பவர்களிடம் இது பலிக்காது, பழிவாங்கலுக்குத்தான் வழி. உங்களுடையவர் எந்த வகை என்பதற்கு ஒரு சோதனை: வேறு யாராவது அவரிடம் பணிவாக மறுத்துப் பேசியபோது அடுத்த மாதம் அவருக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை என்றால் பேசிப் பார்க்கலாம். தனி அறையில், காலை மீட்டிங் முடிந்து கொஞ்ச நேரம் போன பிறகு, பதினைந்து நிமிடத்துக்குள். ஒரு சம்பவம், ஒரு கோரிக்கை போதும். "தேறாத முடிவுகளை முழு மீட்டிங்கில் கேட்கும்போது பையன்கள் சொல்லத் தயங்குகிறார்கள், சார். அதை மட்டும் முதலில் என்னிடம் தனியாகக் கேட்டால் உங்களுக்கு அன்றே சரியான தகவல் வரும்." அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

எச்.ஆருக்குப் போவதைப் பற்றி. அவர்களை நீதிமன்றமாக நினைத்துப் போகாதீர்கள், எதிரியாகவும் நினைக்காதீர்கள். நிறுவனத்துக்கு வரும் ஆபத்தைக் குறைப்பது அவர்கள் வேலை. எனவே இந்த மனிதரின் முறையால் நிறுவனத்துக்கு என்ன ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். புகார் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். தேதி வாரியாக ஐந்தாறு சம்பவங்கள், சாட்சிகள், பிறகு வேலையில் தெரியும் விளைவு: விலகியவர்கள், மருத்துவ விடுப்பு, பதிவேட்டுத் திருத்தங்கள், டீவியேஷன் எண்ணிக்கையின் போக்கு. கடைசியில் தெளிவான கோரிக்கை. அவரை நீக்குங்கள் என்று கேட்டால் மறுப்பது எளிது. காலை மீட்டிங்கை வேறு முறையில் நடத்துவது, இரவுச் செய்திகளை நிறுத்துவது, விசாரணை முடியும்வரை உங்கள் அப்ரைசலை வேறொருவர் பார்ப்பது போன்றவற்றைக் கேளுங்கள். புகார் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல், யார் விசாரிப்பார், எப்போது முடியும், பழிவாங்கல் நடந்தால் யாரிடம் சொல்வது ஆகிய நான்கையும் அன்றே கேட்டுப் பெறுங்கள். வேறு இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால் வலு அதிகம். ஆனால் உங்களுக்குக் கீழே இருப்பவர்களைக் கையெழுத்திடச் சொல்லாதீர்கள். குழுத் தலைவர் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது, அதுவும் ஒருவகை அழுத்தம்தான். விசாரணை முடிவு உங்களுக்கு முழுமையாகச் சொல்லப்படாமலும் போகலாம். பல நிறுவனங்களில் நடவடிக்கை ரகசியமாகவே இருக்கும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மீட்டிங் மாறுகிறதா என்று பாருங்கள்.

ராஜினாமா

விலகுவது தோற்பது ஆகாது. ஆனால் ஆத்திரத்தில் அன்றே விலகுவது உங்களுக்குத்தான் நட்டம். நோட்டீஸ் காலச் சம்பளம், நிலுவைத் தொகை, பணிச் சான்றிதழ் எல்லாம் சிக்கலாகும். சில நாடுகளில், தாங்க முடியாத சூழலால் விலக நேர்ந்ததைப் பணிநீக்கமாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். அதற்கு நீங்கள் முதலில் முறையாகப் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதனால் வழக்கறிஞரைப் பார்த்த பிறகுதான் ராஜினாமாக் கடிதத்தின் ஒரு வரியையும் எழுத வேண்டும். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் சேர்வதற்குள் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். தேடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நேர்காணலில் பழைய மேனேஜரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. "பிழைகளை வெளிப்படையாகப் பேசும் லேபில் வேலை செய்ய விரும்புகிறேன்" என்றால் போதும், அங்கே என்ன பதில் வருகிறது என்பதிலிருந்து நீங்களும் தெரிந்துகொள்ளலாம்.

புகார் கொடுத்து மூன்று மாதத்தில் காலை மீட்டிங் மாறவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே உங்கள் வேலைகள் பறிக்கப்பட்டு நீங்கள் ஓரங்கட்டப்பட்டால், கிளம்புங்கள். பொய்க் கையெழுத்துக் கேட்டால் மூன்று மாதமும் காத்திருக்க வேண்டாம். எழுத்தில் மறுத்துவிட்டு அன்றே தர உறுதிப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஏழு பேர்

நீங்கள் அந்தப் பையனிடம் கத்தியது உங்களை உறுத்துவது நல்லது. மேலிருந்து வாங்கும் வசவைக் கீழே இறக்குவது பணியிட ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. அதனால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. ஆனால் பொறுப்பு உங்களுடையதுதான். அவரைத் தனியே கூப்பிட்டு, "அன்று நான் கத்தியது தவறு. நீ முடிவை மறைத்ததும் தவறு. இரண்டையும் சேர்த்தே சரிசெய்வோம்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்தோடு "ஆனால்" சேர்க்காதீர்கள். மேலே நீங்கள் அனுப்பப்போகும் அறிக்கையைப் பற்றியும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு வழியாகத் தெரிந்தால், நீங்களும் அவரைக் கைவிட்டதாகத்தான் நினைப்பார்.

மேனேஜரின் மீட்டிங்குக்கு முன் உங்கள் குழுவோடு பத்து நிமிடம் நின்றபடி பேசுங்கள். "நேற்று எது சரியாக வரவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்கள் சொந்தப் பிழை ஒன்றை நீங்களே சொல்லித் தொடங்குங்கள். தேறாத முடிவோடு யார் வந்தாலும், "எந்தக் கருவி? மாதிரி இன்னும் இருக்கிறதா? சரி, எதையும் மாற்றாமல் அப்படியே எழுது, நானும் வருகிறேன்" என்பதற்குள் உங்கள் பேச்சு நிற்கட்டும். "ஏன் இப்படிச் செய்தாய்" என்ற கேள்வியை விசாரணைக்கு விட்டுவிடுங்கள். மீட்டிங்கில் அந்த முடிவைப் பற்றிக் கேட்டால் பதிலை நீங்கள் சொல்லுங்கள், பரிசோதகரை எழ விடாதீர்கள். குழுத் தலைவர் என்ற முறையில் அந்தப் பதில் சொல்லும் உரிமை உங்களுடையது.